கையெழுத்துப் போட்டவர்களை அடுத்த நாளும் கூப்பிடுங்கள்

இணையச் சுதந்திரத்துக்காக உழைக்கும் அமைப்புகளுக்கும், அவற்றின் கொள்கைக் குழுக்களுக்கும், தன்னார்வலர்களைத் திரட்டுகிறவர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் மனுக்களில் பல வருடங்களாகக் கையெழுத்துப் போட்டுவரும் கூட்டத்தில் நானும் ஒருவன். சட்டம் படித்ததில்லை, கம்ப்யூட்டர் வேலையும் இல்லை. இணையத்தைப் பயன்படுத்துகிறேன், அதை யாராவது பறிக்கப் பார்த்தால் கோபம் வருகிறது. அவ்வளவுதான் என் தகுதி.

உங்களிடமிருந்து மின்னஞ்சல் வரும். தலைப்பில் ‘அவசரம்’ என்று இருக்கும். பெரும்பாலும் கருத்துக்கேட்பு முடிய ஓரிரு நாள் இருக்கும்போதுதான் வரும். பெயரை அடித்துப் பொத்தானை அழுத்துவேன். ‘நன்றி, நண்பர்களுக்கும் அனுப்புங்கள்’ என்று ஒரு பக்கம் திறக்கும். அதோடு சரி. அந்த மசோதா என்ன ஆயிற்று, நான் எதிர்த்த பிரிவு நீக்கப்பட்டதா, வேறு எண்ணில் திரும்பி வந்ததா, ஒன்றும் தெரியாது. மறுபடி எங்காவது தீப்பிடித்தால் அடுத்த மின்னஞ்சல் வரும்.

குறை சொல்லத்தான் எழுதுகிறேன். கூட நிற்கிறவன் சொல்கிற குறை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எங்களை நீங்கள் எண்ணிக்கையாகப் பயன்படுத்துகிறீர்கள். எண்ணிக்கைக்கு இருந்த மதிப்போ குறைந்துகொண்டே வருகிறது. சட்டம் உருவாகும் அந்த நீண்ட, சலிப்பூட்டும் காலம் முழுக்க எங்களுக்கும் வேலை கொடுத்தால்தான் இனிமேல் ஜெயிக்க முடியும் என்று நினைக்கிறேன்.

நம் எல்லோருக்கும் பிடித்த கதை 2012-ல் நடந்தது. அமெரிக்காவில் சோபா, பிபா என்று இரண்டு மசோதாக்கள். பதிப்புரிமைத் திருட்டைத் தடுக்கிறோம் என்ற பெயரில் முழு இணையதளங்களையே முடக்க வழிசெய்தவை. ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் இருட்டாக இருந்தது. கூகுள் தன் முகப்பில் கறுப்புப் பட்டை போட்டது. அதன் மனுவில் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். இரண்டே நாளில் இரண்டு மசோதாக்களும் ஒத்திவைக்கப்பட்டன, அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அதே வருடம் ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம், போலிப் பொருள்களையும் பதிப்புரிமை மீறலையும் தடுக்கப் பல நாடுகள் சேர்ந்து எழுதிய ஆக்டா ஒப்பந்தத்தை 478-க்கு 39 என்ற கணக்கில் தூக்கி எறிந்தது.

இந்த இரண்டு வெற்றிகளும் நமக்கு ஒரு தப்பான பாடத்தையும் கற்றுக்கொடுத்துவிட்டன: ஒரு நாள் பெரிதாகச் சத்தம் போட்டால் போதும் என்று. ஆக்டா கதையை முழுசாகப் பாருங்கள். நாடாளுமன்றத்தில் அதற்குப் பொறுப்பாளராக இருந்த காடெர் ஆரிஃப், ஐரோப்பிய ஒன்றியம் கையெழுத்திட்ட 2012 ஜனவரி 26 அன்றே, மக்கள் அமைப்புகளை யாரும் கேட்கவில்லை என்று சொல்லிப் பொறுப்பிலிருந்து விலகினார். பிப்ரவரிக் குளிரில் பல நகரங்களில் ஊர்வலம் போனார்கள். அதற்குப் பிறகு நான்கைந்து மாதம், கேமரா எதுவும் எட்டிப் பார்க்காத குழு அறைகளில் வேலை நடந்தது. ஒப்பந்தத்தைப் பரிசீலித்த ஐந்து குழுக்களும் ஒன்றன்பின் ஒன்றாக நிராகரிக்கச் சொன்ன பிறகுதான் அந்த 478 வந்தது. ஊர்வலத்தின் படங்கள் எல்லோரிடமும் இருக்கின்றன. குழு அறைகளில் உட்கார்ந்து உறுப்பினர்களுக்குப் பிரிவு பிரிவாக விளக்கியவர்களின் படம் ஒன்றுகூட என் கண்ணில் பட்டதில்லை.

அடுத்து நாம் தோற்ற கதை. 2019-ல் ஐரோப்பாவின் பதிப்புரிமை நெறிமுறை; மக்கள் எழுதுவதையும் ஏற்றுவதையும் தளங்கள் வடிகட்டியாக வேண்டிய நிலைக்குத் தள்ளும் பிரிவு அதில் இருந்தது. எதிர்த்துச் சுமார் 50 லட்சம் கையெழுத்துகள் சேர்ந்தன. மார்ச் 23 அன்று ஊர்வலங்கள், 26 அன்று வாக்கெடுப்பு. அந்தப் பிரிவைத் தனியாக எடுத்துத் திருத்த அனுமதிக்கலாமா என்பதுதான் முக்கியமான ஓட்டு. 312-க்கு 317 என்று அது தோற்றது. ஐந்து ஓட்டு! அப்புறம் தெரிந்தது, பத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் தவறான பொத்தானை அழுத்திவிட்டதாகப் பதிவைத் திருத்தினார்கள். திருத்தத்தோடு கணக்குப் பார்த்தால் நாம் ஜெயித்திருப்போம். ஆனால் விதிப்படி முடிவு முடிவுதான்.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம், அழலாம். எனக்குத் தோன்றுவது வேறு. 50 லட்சம் பேர் கையெழுத்திட்ட ஒரு விஷயத்தில், எந்த ஓட்டு எதற்கு, எந்த வரிசையில் வருகிறது என்பதை நம் பக்கம் நிற்கும் உறுப்பினர்களிடம்கூடத் தெளிவாகக் கொண்டுசேர்க்க முடியவில்லை. அந்த வாரம் ஒவ்வொரு உறுப்பினரின் அலுவலகத்துக்கும் அவர் தொகுதிக்காரர்கள் பத்துப் பேர் போன் செய்து, ‘இந்தத் திருத்தத்துக்கு ஆம் என்று போடுங்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால்? ஊர்வலத்தைவிட அது சின்ன வேலை. அதை யாரும் எங்களுக்குக் கொடுப்பதில்லை.

எண்ணிக்கையின் மதிப்பு குறைகிறது என்றேன். ஆதாரம் வேண்டுமானால் இன்னொரு கதையைப் பாருங்கள். நெட் நியூட்ராலிட்டியை, அதாவது எந்தத் தளத்தையும் பாரபட்சம் இல்லாமல் ஒரே மாதிரி கொண்டுவந்து தர வேண்டும் என்ற விதியை, அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 2015-ல் கொண்டுவந்தது. அதை நீக்குவதற்காக 2017-ல் கருத்துக் கேட்டபோது இரண்டு கோடிக்கும் மேல் கருத்துகள் குவிந்தன. ஜனநாயகம் பொங்கிவிட்டது என்று எல்லோரும் பூரித்தோம். 2021-ல் நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞரின் விசாரணை அறிக்கை வந்தது: அதில் கிட்டத்தட்ட 1.8 கோடி போலி. சுமார் 85 லட்சம், பிராட்பேண்ட் நிறுவனங்கள் பணம் கொடுத்து நடத்திய பிரசாரத்தில் வந்தவை. உயிரோடு இருக்கிறவர்கள் பெயரையெல்லாம் அவர்களுக்கே தெரியாமல் போட்டிருந்தார்கள். இன்னொரு 77 லட்சம், 19 வயது கல்லூரி மாணவர் ஒருவர் தனியாளாகக் கம்ப்யூட்டரில் உருவாக்கித் தள்ளியவை. அவர் நம்ம பக்கம், அது வேறு விஷயம்! ஆணையம் 2017 டிசம்பரில் எந்தக் கூச்சமும் இல்லாமல் விதியை நீக்கியது. இத்தனை குப்பைக்கு நடுவே உண்மையான குரலை எங்கே தேடுவது என்று கேட்க அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. அது எழுத்தை இயற்றும் செயற்கை நுண்ணறிவு பரவுவதற்கு முந்தைய காலம். இன்றைக்கு ஒரு கோடி ‘மக்கள் கருத்து’ தயாரிக்க அந்த மாணவரின் திறமைகூடத் தேவையில்லை.

அப்படியென்றால் கூட்டம் வேண்டாமா? வேண்டும். எந்த மாதிரிக் கூட்டம் என்பதுதான் கேள்வி. இந்தியாவில் நடந்ததை ஒப்பிட்டுப் பாருங்கள். 2015 மார்ச் கடைசியில் ட்ராய், அதாவது இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், நெட் நியூட்ராலிட்டியையும் தொடும் 118 பக்க ஆலோசனை அறிக்கை ஒன்றை வெளியிட்டு 20 கேள்விகள் கேட்டது. யாரும் படிக்க மாட்டார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். தன்னார்வலர்கள் சிலர் உட்கார்ந்து, அந்தக் கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் எழுதி, யாரும் எடுத்துத் திருத்தி அனுப்பிக்கொள்ளலாம் என்று போட்டார்கள். ஒரு நகைச்சுவைக் குழு வீடியோ போட்டது. பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் போயின. (ட்ராய் அனுப்பியவர்களின் மின்னஞ்சல் முகவரிகளை எல்லாம் அப்படியே இணையத்தில் வெளியிட்டது தனிக் கூத்து.) வருடக் கடைசியில் ஃபேஸ்புக், சில தளங்களை மட்டும் இலவசமாகத் தரும் தன் ஃப்ரீ பேஸிக்ஸ் திட்டத்துக்காக அதே உத்தியைக் கையில் எடுத்தது. ஒரு தட்டு தட்டினால் ஆதரவுக் கடிதம் போய்விடும். லட்சக்கணக்கில் போயின. ஆனால் ட்ராய் கேட்ட கேள்விகள் எதற்கும் அவற்றில் பதில் இல்லை. இது தலையெண்ணும் வாக்கெடுப்பு அல்ல என்ற தொனியில் ட்ராய் காட்டமாகப் பதில் எழுதியது. 2016 பிப்ரவரி 8 அன்று தளத்துக்குத் தளம் மாறும் பாரபட்சக் கட்டணங்களுக்குத் தடை வந்தது.

இரண்டு பக்கமும் டெம்ப்ளேட்தான், இரண்டு பக்கமும் லட்சங்கள்தான். ஒரு பக்கம் கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. நாம் படிக்க வேண்டிய பாடம் இதில் இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு எனக்கு வந்த மனுக்களில் பாதிக்கு மேல் ஃப்ரீ பேஸிக்ஸ் கடிதத்தின் ஜாடையில்தான் இருக்கின்றன: ‘நான் இந்த மசோதாவை எதிர்க்கிறேன்.’ எந்தப் பிரிவை, ஏன் என்று ஒரு வார்த்தை கிடையாது.

போகிற போக்கில் ஒன்று. 2012-ல் சோபாவை எதிர்த்துக் குரல் கொடுத்த நிறுவனங்களில் ஃபேஸ்புக்கும் ஒன்று. நிறுவனங்கள் நம்மோடு நிற்பது அவர்கள் கணக்குக்கு ஒத்துவரும் வரைதான். அவர்களோடு சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எந்தப் பிரசாரத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே போடுங்கள். கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம்.

சரி, வெற்றிக்குப் பிந்தைய காலத்துக்கு வருகிறேன். என் உண்மையான ஆதங்கம் இங்கேதான். 2015 மார்ச் 24 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் செல்லாது என்றது. இணையத்தில் எழுதியதற்காக ஆட்களைக் கைது செய்யப் பயன்பட்ட பிரிவு. வழக்கைத் தொடுத்தவர் ஷ்ரேயா சிங்கல், தீர்ப்பு வந்தபோது சட்ட மாணவி. எல்லோரும் கொண்டாடினோம். ஆறு வருடம் கழித்து, 2021 ஜூலையில், அதே பிரிவில் இன்னும் வழக்குகள் பதிவாகிக்கொண்டிருப்பதாக அதே நீதிமன்றத்தில் மனு வந்தது. நீதிபதிகளே அதிர்ச்சி தெரிவித்தார்கள். இனி யார் மேலும் அந்தப் பிரிவில் வழக்கு நடத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. செத்துப்போன சட்டம் ஏழு வருடம் நடமாடியிருக்கிறது. தீர்ப்பு டெல்லியில் வந்தது, கடைசிக் காவல் நிலையத்துக்கு யாரும் அதைக் கொண்டுபோகவில்லை. தீர்ப்பின் ஒரு பக்கச் சுருக்கத்தை உள்ளூர் மொழியில் அச்சடித்து, ஊருக்கு இரண்டு பேர் என்று ஆள் போட்டுக் காவல் நிலையத்திலும் வழக்கறிஞர் சங்கத்திலும் கொடுத்துவிட்டு வர என்ன செலவாகும்? கையெழுத்துப் போட்டவர்களில் நூற்றில் ஒருவர் வந்திருந்தாலே போதுமே.

உகாண்டாவில் 2018 ஜூலையில் சமூக ஊடக வரி வந்தது; வாட்ஸ்அப், ஃபேஸ்புக் திறக்க ஒரு நாளைக்கு 200 ஷில்லிங். தெருவில் எதிர்த்தார்கள், எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதை மறைக்கும் விபிஎன் செயலி போட்டு ஏமாற்றினார்கள். அரசு எதிர்பார்த்த வருமானம் வரவில்லை. 2021-ல் வரி போனது. அதே கையோடு இணைய டேட்டா மேல் 12 சதவீத வரி வந்து உட்கார்ந்தது. விபிஎன் போட்டும் தப்ப முடியாது. அமெரிக்காவின் நெட் நியூட்ராலிட்டி 2024-ல் திரும்பி வந்து, 2025 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மறுபடி விழுந்தது. இடையில் 2018-ல் கலிஃபோர்னியா தானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டதால் அந்த மாநிலத்துக்காரர்கள் தப்பித்தார்கள். ஒரே கூடையில் எல்லாவற்றையும் வைக்காதவர்கள் அவர்கள்.

எதிர்ப்பதைத் தாண்டி நாமே எழுதலாம் என்று காட்டியது பிரேசில். கடுமையான இணையக் குற்ற மசோதா ஒன்றை எதிர்த்துக் கிளம்பியவர்கள், ‘குற்றத்துக்கு முன்னால் உரிமை என்ன என்று எழுதுங்கள்’ என்று கேட்டார்கள். 2009 அக்டோபரில் அரசும் ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து இணையத்தில் கருத்துக் கேட்கத் தொடங்கின. யார் வேண்டுமானாலும் பத்தி பத்தியாகக் கருத்து எழுதலாம், அடுத்தவர் எழுதியதற்குப் பதிலும் எழுதலாம். அப்புறம் நாடாளுமன்றத்தில் இழுத்தடிப்பு. 2013-ல் அமெரிக்க உளவு அமைப்புக்கு வேலை பார்த்த ஸ்னோடென் வெளியிட்ட உளவு ஆவணங்கள் பிரேசிலையே உலுக்கியதும் மறுபடி வேகம் பிடித்தது. 2014 ஏப்ரல் 23 அன்று அதிபர் டில்மா ரூசெஃப் மார்க்கோ சிவில் என்ற இந்த இணைய உரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். நாலரை வருடம்! அந்தச் சட்டத்தில் குறைகள் உண்டு, அதை மாற்ற முயற்சிகளும் ஓயவில்லை. ஆனால் மாற்ற வருகிறவர்கள், அதை எழுதியதில் பங்கெடுத்தவர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருக்கிறது. மனுவில் பெயர் போட்டவன் மறந்துவிடுவான். ஒரு வரியாவது தன் கையால் எழுதியவன் அதை யாராவது தொட்டால் சண்டைக்கு வருவான்.

இணைய முடக்கத்தைப் பற்றி எழுதாமல் இந்த மடல் முடியாது. இணைய உரிமைக்காக உழைக்கும் ஆக்சஸ் நவ் அமைப்பின் கணக்குப்படி 2024-ல் மட்டும் 54 நாடுகளில் 296 முறை இணையம் முடக்கப்பட்டது. போராட்டம், தேர்தல், போர், சில நாடுகளில் பள்ளித் தேர்வில் காப்பியடிக்கிறார்கள் என்றுகூட. காரணம் எதுவானாலும் கை போகிற இடம் ஒன்றுதான். இணையத்தை வெட்டக் கூடாது என்று 2016-ல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவை தீர்மானம் போட்டது. நல்லது. தீர்மானத்தைப் படித்துவிட்டு யாரும் சுவிட்சிலிருந்து கையை எடுத்ததாகத் தெரியவில்லை.

கையை எடுக்க வைத்தது பெரும்பாலும் வழக்குகள். வழக்குக்கு ஆதாரம் வேண்டும், ஆதாரம் சாதாரண ஆட்களிடம்தான் இருக்கிறது. 2019 ஜூனில் சூடானில் ராணுவ ஆட்சி இணையத்தை வெட்டியபோது, ஒரு வழக்கறிஞர் தன் செல்போன் நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டார்: ‘காசு வாங்கிக்கொண்டு சேவை தரவில்லை.’ ஜெயித்தார். ஆனால் தன் பெயரில் மட்டும் வழக்குப் போட்டதால், அவருடைய ஒரே ஒரு சிம் கார்டுக்கு மட்டும் இணையம் வந்தது. விடாமல் மறுபடி நீதிமன்றம் போனார். ஜூலையில் மற்றவர்களுக்கும் திரும்பியது. டோகோவில் 2017 முடக்கத்தை எதிர்த்துப் பத்திரிகையாளர் ஒருவரும் சில அமைப்புகளும் தொடுத்த வழக்கில், அது சட்டவிரோதம் என்று மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் எகோவாஸ் நீதிமன்றம் 2020-ல் தீர்ப்பளித்தது. விடுதியில் மாலை நேரத்தில் போன் கூடாது என்ற விதியை ஏற்க மறுத்து வெளியேற்றப்பட்ட ஒரு கல்லூரி மாணவியின் வழக்கில்தான், இணையம் கல்வி உரிமையின் பகுதி என்று 2019-ல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. இந்த வழக்குகள் எதிலும் லட்சம் கையெழுத்து இல்லை.

கேமரூனில் 2017 ஜனவரியில் ஆங்கிலம் பேசும் பகுதிகளில் இணையத்தை 93 நாள் வெட்டினார்கள். அங்கிருந்த கம்ப்யூட்டர் தொழில்காரர்கள் இணைப்பு எட்டும் இடத்தில் ஒரு சின்ன வீட்டைப் பிடித்து, அதற்கு ‘இணைய அகதி முகாம்’ என்று பெயர் வைத்து, மடிக்கணினியோடு போய் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த 93 நாளில் யார் எந்த வேலையை இழந்தார்கள், யாருக்குப் பணம் வந்து சேரவில்லை, எந்த மருத்துவமனைக்குத் தகவல் போகவில்லை என்று நாள் வாரியாகக் குறித்துவைத்த நோட்டு ஊருக்கு ஒன்று இருந்திருந்தால் நீதிமன்றத்தில் அதன் எடை என்ன!

அந்த நோட்டை எழுத எங்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். எந்தத் தளம் எங்கே தடுக்கப்படுகிறது என்று அளந்து பதிவு செய்ய ஊனி ப்ரோப் என்ற செயலி இருக்கிறது. யாரும் போனில் போட்டுக்கொள்ளலாம். எனக்கு அது தற்செயலாகத் தெரியவந்தது. உங்கள் அவசர மின்னஞ்சல்கள் எதிலும் அதைப் பற்றிப் பார்த்த நினைவில்லை. அதை ஓட்டுவதில் சில நாடுகளில் ஆபத்து உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். இந்தியாவில் முடக்க உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரியில் அனுராதா பசின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடமே நாடாளுமன்ற நிலைக்குழு பார்த்தபோது, எத்தனை முறை முடக்கினார்கள் என்ற பதிவேடுகூட மத்திய அரசிடம் இல்லை. அரசு எண்ணாததைத் தன்னார்வ அமைப்புகள்தான் எண்ணின. இது சாதாரண ஆளால் முடிகிற வேலை. தகவல் உரிமை மனு எழுதத் தெரிந்தால் போதும்.

மறையாக்கம், அதாவது அனுப்புகிறவரும் பெறுகிறவரும் மட்டுமே படிக்க முடியும்படி செய்தியைப் பூட்டும் என்க்ரிப்ஷன் பற்றியும் சொல்லியாக வேண்டும். இதில் நம் பேச்சு மக்களிடம் எடுபடவில்லை என்பது என் எண்ணம். குழந்தைகள் மீதான வன்கொடுமைப் படங்களைத் தடுக்க எல்லோருடைய செய்திகளையும் ஸ்கேன் செய்ய வழிவிடும் முன்மொழிவை ஐரோப்பிய ஆணையம் 2022 மே மாதம் கொண்டுவந்தபோது, நாம் ‘கண்காணிப்பு, கண்காணிப்பு’ என்று கத்தினோம். கத்தியது சரிதான். ஆனால் குழந்தையைப் பெற்றவருக்கு அந்தக் கத்தல் எப்படிக் கேட்டிருக்கும்? அவருடைய பயம் நிஜம். அவரிடம் தத்துவம் பேசாமல் நடந்ததைச் சொல்லலாம். 2004-05-ல் கிரீஸில், சட்டப்படி ஒட்டுக்கேட்க செல்போன் இணைப்பகத்தில் இருந்த வசதியை யாரோ ரகசியமாகத் திருகி, பிரதமர் உட்பட நூறு பேருக்கும் மேல் ஒட்டுக்கேட்டார்கள். யார் செய்தது என்று விசாரித்து முடிக்கவே வருடங்கள் ஆயின. அமெரிக்காவில் காவல்துறைக்காக ஒட்டுக்கேட்கும் வசதி வைத்தே ஆக வேண்டும் என்று 1994-ல் சட்டம் போட்டார்கள். 2024-ல் சீனாவோடு தொடர்புள்ள ஹேக்கர்கள் தொலைபேசி நிறுவனங்களுக்குள் புகுந்து அந்த அமைப்புகள் வரை கைவைத்தது தெரியவந்தது. போலீசுக்கு என்று வைத்த வழியில் போலீஸ் மட்டும் வராது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதோடு நிறுத்தாமல், புகார் கொடுத்தால் எடுக்கும் காவல்துறை, படித்துப் பார்க்க ஆள் வைக்கும் நிறுவனம், பாதிக்கப்பட்ட குழந்தைக்கு உதவி என்று நம் தரப்பிலிருந்தும் ஒரு வழியை முன்வைக்க வேண்டும். இணையத்தில் துரத்தித் துரத்தி வசைபாடப்படும் பெண்களுக்கும் இதே பதில் கடன்பட்டிருக்கிறோம். ‘சுதந்திரம்’ என்று நாம் சொல்லும்போது, ‘யாருக்கு?’ என்று அவர்கள் கேட்பதில் தப்பே இல்லை.

நேபாளத்தையும் மறந்துவிட வேண்டாம். 2025 செப்டம்பர் 4 அன்று, பதிவு செய்யவில்லை என்று 26 சமூக ஊடகங்களுக்குத் தடை. 8-ஆம் தேதி இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள், அன்று ஒரே நாளில் 19 பேர் உயிர் போனது, இரவில் தடை நீங்கியது, மறுநாள் பிரதமர் விலகினார். ஊழல் மீதான கோபம்தான் அதில் பெரிது, தடை தீக்குச்சி. ஆனால் அந்தத் தடையின் வேர் 2023-ல் வந்த ஒரு நெறிமுறையில் இருந்தது. நெறிமுறை காகிதமாக இருந்த இரண்டு வருடமும் அது வல்லுநர்கள் பேசுகிற விஷயமாகவே இருந்தது. காகிதமாக இருக்கும்போதே இளைஞர்களிடம் அது போய்ச் சேர வேண்டும். அந்தக் காலத்தில் யாரும் சாக வேண்டியதில்லை.

கேட்பது இவ்வளவுதான். வரைவு வந்த அன்றைக்கே சொல்லுங்கள், கடைசித் தேதிக்கு முதல் நாள் அல்ல. 80 பக்கத்தை நாங்கள் படிக்க மாட்டோம். எங்களைத் தொடும் இரண்டு பிரிவுகளை எண்ணோடு எடுத்து, எங்கள் மொழியில் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். அரசு கேட்ட கேள்வியை அப்படியே போட்டு, பதிலுக்கு இடம் விடுங்கள். எங்கள் வாழ்க்கையிலிருந்து நாலு வரி நாங்களே எழுதுகிறோம். பத்து லட்சம் ஒரே மாதிரிக் கடிதத்துக்குப் பதில் ஆயிரம் வேறு வேறு கடிதங்கள் போகட்டும். ஒரு செவிலியர் எழுதியது, ஒரு மீனவர் எழுதியது, பார்வையற்ற ஒரு மாணவர் எழுதியது. வாக்கெடுப்புக்குப் பிறகு, ஜெயித்தாலும் தோற்றாலும், என்ன ஆயிற்று என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். எந்தப் பிரிவு போனது, எது தங்கியது, அடுத்த விதிமுறை எப்போது வரும், யார் கவனிக்கிறார்கள் என்று. தோல்வியைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

இதற்கெல்லாம் ஆள் இல்லை, பணம் இல்லை என்பீர்கள். தெரியும். கொள்கைக் குழுவில் மூன்று பேர் இருந்துகொண்டு பத்து மசோதாவைப் பார்க்கிற அமைப்புகள் உண்டு. அதனால்தான் கேட்கிறேன். நாங்கள் பல லட்சம் பேர் சும்மா இருக்கிறோம். எங்களில் கணக்கர்கள் உண்டு, ஆசிரியர்கள் உண்டு, ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள் உண்டு. விதிமுறைகளை எழுத்தெண்ணிப் படிப்பதில் அந்தக் கடைசி ரகத்தை அடிக்க ஆளே கிடையாது. ஆளுக்கு ஒரு விதிமுறையைப் பிரித்துக் கொடுங்கள். அரசிதழில் அது வருகிறதா என்று பார்ப்பதும், வந்தால் உங்களுக்குச் சொல்வதும் எங்கள் வேலை. தப்பாகப் புரிந்துகொண்டு சில முறை உங்கள் நேரத்தை வீணடிப்போம், அதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பெயரும் மின்னஞ்சலும் உங்கள் பட்டியலில் ஏற்கெனவே இருக்கின்றன. அடுத்த மின்னஞ்சலில் கையெழுத்துப் பொத்தானுக்குக் கீழே ஒரு கட்டம் சேர்த்து, ‘இந்தப் பிரிவை ஒரு வருடம் கவனிக்க முடியுமா?’ என்று கேளுங்கள். நான் அதில் ‘ஆம்’ என்று போடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மனுக்களில் கையெழுத்துப் போட்டுவரும் ஒருவன்